மணல் தரும் சாட்சியம்

ஒரு குடும்பத்தின் பழமையை அறிய விரும்புவோர் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவர். தந்தை, பாட்டனார், அவருக்கும் முந்தியோர் என்று ஏடுகள் பின்னோக்கிச் செல்லும். ஒரு கட்டத்தில் ஏடுகள் கறையானுக்கு இரையாகியிருக்கும். அல்லது மழைநீரில் நனைந்து மை கலைந்திருக்கும். அதற்கு முன்னும் அக்குடும்பம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்லும் ஏடுதான் இல்லை. ஆயினும் பிற்காலப் பதிவேடு ஒன்றின் அட்டையைப் பிரிக்கும்போது, அழிந்துபோன பழைய ஏட்டின் துண்டு ஒன்று உள்ளே ஒட்டப்பட்டிருப்பதைக் காண நேரலாம். அத்துண்டில் ஒரு பெயரும் ஒரு நாளும் தெரிந்தால் போதும். அதுவரை இருண்டு கிடந்த காலத்தின்மீது சிறிது ஒளி விழும்.

நாம் வாழும் பூமியின் வரலாறும் ஏறத்தாழ இந்நிலையில்தான் உள்ளது. பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள் என்று அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளேர் பாட்டர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார். அதன்பின் நடந்த ஆய்வுகள் அக்கணக்கைப் பெரிதும் மாற்றவில்லை. ஆனால் பூமியில் இன்று காணப்படும் பாறைகளுள், எல்லா அறிஞரும் ஐயமின்றி ஏற்கும் மிகப் பழையது, வட கனடாவில் அகாஸ்டா ஆற்றங்கரையிலுள்ள பாறையே. அதன் வயது ஏறத்தாழ 403 கோடி ஆண்டுகள். கியூபெக் மாநிலத்தில் அதனினும் பழமையானதென்று சிலர் கூறும் பாறை ஒன்று உண்டு. அதன் வயதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆக, பூமி தோன்றிய பின் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்குரிய ஏடுகள் நம்மிடம் இல்லை. அவை எங்கே போயின? சில, விண்ணிலிருந்து விழுந்த பெருங்கற்களால் நொறுங்கின. சில, பூமியின் ஆழத்துள் அமிழ்ந்து மீண்டும் உருகின. எஞ்சியவற்றைக் காற்றும் மழையும் வெயிலும் அரித்துத் தூளாக்கின. பூமியின் முதல் மேலோடு, அதாவது உருகிய குழம்பாய் இருந்த உலகின்மீது முதன்முதலில் உறைந்த அந்தத் தோல், முழுப் பாறையாக நமக்குக் கிட்டவில்லை.

ஆனால் தூளான பாறை அடியோடு அழிந்துவிடுவதில்லை. அது மணலாகிறது, களிமண்ணாகிறது, ஆற்றோடு சென்று வேறோர் இடத்தில் படிகிறது. படிந்தது இறுகி மீண்டும் பாறையாகிறது. இதனையே படிவுப்பாறை என்கிறோம். முதல் மேலோட்டின் கிழிந்த துண்டுகள் இந்தப் படிவுப்பாறைகளின் உள்ளேதான் ஒளிந்து கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் முறையை உலகிற்கு முதலில் கற்றுத் தந்தவர் யார் என்று அறிந்தால், நம் வாசக அன்பர்கள் பெருமிதம் கொள்வர்.

ஆயராகிய அறிவியலார்

நீல்ஸ் ஸ்டென்சன் 1638-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். லுத்தரன் சபையில் வளர்ந்தார். இலத்தீன் வழக்கில் நிக்கோலாஸ் ஸ்டெனோ என்று அழைக்கப்பெற்ற அவர், உடற்கூற்று இயலில் இளமையிலேயே புகழ்பெற்றார். கன்னத்தின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் செல்லும் குழாய் இன்றும் மருத்துவ நூல்களில் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1666-ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே மீனவர்கள் மாபெரும் சுறா ஒன்றைப் பிடித்தனர். அதன் தலையை ஆய்ந்து பார்க்குமாறு தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் ஃபெர்டினாண்டு, அப்போது ஃபுளோரன்சு நகரில் தங்கியிருந்த ஸ்டெனோவைப் பணித்தார். சுறாவின் பற்களைக் கண்ட ஸ்டெனோ வியப்புற்றார். மால்டா தீவிலும் வேறு இடங்களிலும் பாறைகளிலிருந்து கிடைத்த 'நாக்குக் கற்கள்' அதே வடிவில் இருந்தன. புனித சின்னப்பரை மால்டாவில் பாம்பு தீண்டிய நிகழ்ச்சியோடு அக்கற்களை இணைத்து மக்கள் பலவாறு பேசி வந்தனர். அவை நாக்குகள் அல்ல, பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று ஸ்டெனோ நிறுவினார். அவ்வாறாயின், அவற்றை உள்ளடக்கிய பாறை ஒருகாலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டுமன்றோ?

இந்தச் சிந்தனையின் கனியாக 1669-ஆம் ஆண்டு அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஒரு திடப்பொருளின் உள்ளே மற்றொரு திடப்பொருள் எவ்வாறு அடைபட்டது என்பதே அந்நூல் எழுப்பும் வினா. அதில் அவர் கண்ட விதிகள் மிக எளியவை. படிவுகள் முதலில் கிடைமட்டமாகவே படிகின்றன. அடியிலுள்ள படிவு முந்தியது; மேலுள்ளது பிந்தியது. ஒரு பொருள் மற்றொன்றின் உள்ளே அடைபட்டிருந்தால், எது தன் வடிவத்தை மற்றதன்மேல் பதித்திருக்கிறதோ அதுவே முன்னர் இறுகியது. அறுவடை முடிந்து களத்தில் குவித்த நெல்மூட்டைகளைப் பார்த்தே எது முதலில் இறக்கப்பட்டது என்று உழவர் சொல்லிவிடுவர். அத்தகைய எளிய அறிவையே ஸ்டெனோ மலைகளுக்கும் பொருத்தினார். நிலவியல் என்னும் துறை இவ்விதிகளின்மேல்தான் எழுந்து நிற்கிறது.

அதே ஆண்டுகளில் அவர் உள்ளத்தில் மற்றொரு தேடலும் நடந்து கொண்டிருந்தது. 1666-இல் லிவோர்னோ நகரில் திவ்விய நற்கருணைப் பவனியைக் கண்டபோது, மக்களின் விசுவாசம் அவர் நெஞ்சைத் தொட்டது. 1667-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1675-இல் குருவானார், 1677-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, வட ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரிடையே பணிபுரிய அனுப்பப்பட்டார். தம் ஆயர் மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்கு உதவியவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1686-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஷ்வெரின் நகரில் வறுமையிலேயே உயிர் நீத்தார். அவர் உடல் ஃபுளோரன்சு நகரின் புனித லாரன்சு பேராலயத்தில் துயில்கிறது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தார்.

ஒரு கைப்பிடிச் சேறு

படிவுப்பாறை எதைச் சொல்லும்? அதன் வகையைப் பொறுத்து அது மூன்று வகையில் சாட்சி சொல்கிறது. கூழாங்கற்கள் ஒட்டி உருவான திரள்பாறை, அருகில் எத்தகைய மலை இருந்தது என்பதைக் காட்டும். மணற்கல், நீர் எந்தத் திசையில் எந்த விசையோடு ஓடியது என்பதைத் தன் கோடுகளில் பதித்து வைத்திருக்கும். மெல்லிய சேறு இறுகிய களிப்பாறையோ, ஒரு நிலப்பரப்பு முழுவதன் இயல்பையும் தன்னுள் கலந்து வைத்திருக்கும்.

நம் தென்மாவட்டத்துப் பங்குகளில் திருவிழாவின்போது நடக்கும் அசனத்தை நினைத்துப் பாருங்கள். வீடுதோறும் பெற்ற அரிசியெல்லாம் ஒரே பெரிய வட்டாவில் வெந்து சோறாகிறது. அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால், அதில் ஊரார் அனைவரின் அரிசியும் கலந்திருக்கும். ஆறு கொண்டுவந்து சேர்க்கும் சேறும் அத்தகையதே. ஆயிரம் மலைகளை ஒவ்வொன்றாய் உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை; அவற்றிலிருந்து கரைந்து வந்த சேற்றில் ஒரு பிடியை ஆய்ந்தால், மேலோட்டின் சராசரி இயல்பு புலப்படும். நார்வே நாட்டில் பணிபுரிந்த வேதியியலறிஞர் விக்டர் கோல்ட்ஷ்மிட், பனியாறுகள் அரைத்துக் கொணர்ந்த களிமண்ணை இவ்வாறே பயன்படுத்தினார். ஆஸ்திரேலியாவில் ராஸ் டெய்லர், ஸ்காட் மக்லென்னன் ஆகிய இருவரும் பல காலத்துக் களிப்பாறைகளை ஒப்பிட்டு, கண்டங்களின் மேலோடு காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதை 1985-இல் ஒரு நூலாகவே எழுதினர். மிகப் பழைய காலத்துச் சேற்றில் பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறையின் பங்கு மிகுதி. பிற்காலத்துச் சேற்றில் கிரானைட் இனப் பாறைகளின் பங்கு மிகுதி. இம்மாற்றம் எப்போது, எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

கிரீன்லாந்தின் பழங்கடல்

உலகில் மிகப் பழைய படிவுப்பாறைகள் எங்கே உள்ளன? கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், பனித்திடலின் விளிம்பில், இசுவா என்னும் இடம் உள்ளது. அங்குள்ள பாறைகள் 370 முதல் 380 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஸ்டீபன் மூர்பாத்தும் அவருடன் உழைத்தோரும் 1970-களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தின் இப்பகுதிப் பாறைகளின் வயதை அளந்து வெளியிட்டபோது அறிவுலகம் திகைத்தது.

இசுவாப் பாறைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பெரிதும் உருமாறிவிட்டன. ஆயினும் அவற்றில் இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்த பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. இத்தகைய பட்டைகள் நீரிலன்றிப் படிவதில்லை. அருகே தலையணைகளை அடுக்கினாற் போன்ற உருண்டை வடிவில் எரிமலைப் பாறைகள் உள்ளன. கொதிக்கும் குழம்பு நீருக்கடியில் வெளிப்பட்டுச் சட்டென்று குளிரும்போதுதான் அவ்வடிவம் உண்டாகும். இன்றும் கடலடி எரிமலைகளில் அதைக் காணலாம். எனவே 370 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூமியில் கடல் இருந்தது. அக்கடலுக்கு அடியில் திடமான தரையும் இருந்தது. இவ்வளவும் இசுவா கூறும் சாட்சியம்.

அதற்கு முன்? அதற்கும் 70 கோடி ஆண்டுகள் முந்திய ஒரு சாட்சி கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் பிரெஸ்டன் கிளவுட், ஏடுகள் இல்லாத அந்த முதற் காலத்திற்குப் பெயர் சூட்டியபோது, கிரேக்கர் பாதாளத்திற்கு வழங்கிய ஹேடஸ் என்னும் பெயரிலிருந்து ஹேடியன் என்று அமைத்தார். எங்கும் தீக்குழம்பு, கந்தகப் புகை, கல்மழை: நரகத்தை வருணிப்போர் கூறுவது போன்ற உலகமாகவே அக்காலம் எண்ணப்பட்டது.

கடுகினும் சிறிய சாட்சி

ஆஸ்திரேலியாவின் மேற்கே, பெர்த் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், மனித நடமாட்டம் அருகிய செம்மண் நிலத்தில் ஜாக் குன்றுகள் என்னும் சிறிய மலைத்தொடர் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆறு கூழாங்கற்களையும் மணலையும் கொண்டுவந்து குவித்தது. அது இறுகித் திரள்பாறையாயிற்று. பார்ப்பதற்கு அதில் எச்சிறப்பும் இல்லை. ஆனால் அதை இடித்துத் தூளாக்கிச் சலித்தால், சிர்க்கான் என்னும் கனிமத்தின் மணிகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவுகூட இராது.

சிர்க்கான் நமக்குப் புதியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், கருமை படர்ந்த மணலில் இல்மனைட், மோனசைட் முதலியவற்றோடு சிர்க்கானும் கலந்திருக்கிறது. அதனைப் பிரித்தெடுக்கும் ஆலை அங்கே உண்டு. பாறைக்குழம்பு குளிரும்போது இது படிகமாய் விளைகிறது. மிகக் கடினமானது, எளிதில் உருகாது, நீரில் கரையாது. தான் பிறந்த மலை தேய்ந்து மறைந்தாலும், சிர்க்கான் மணி ஆற்றில் உருண்டு, கடற்கரையில் புதைந்து, மீண்டும் பாறையாகி, மீண்டும் தேய்ந்து, தன் இயல்பை இழக்காமல் நிலைத்து நிற்கும்.

இதனுள் ஒரு கடிகாரமும் உண்டு. சிர்க்கான் விளையும்போது தன்னுள் சிறிது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தையோ ஏற்பதில்லை. உள்ளே சென்ற யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாக மாறுகிறது. 238 என்ற எடையுள்ள யுரேனியத்தில் பாதி ஈயமாவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். 235 என்ற எடையுள்ளதற்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் போதும். ஒரே படிகத்தில் இரு கடிகாரங்கள் இருவேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே காலத்தைக் காட்டினால், சாட்சி நம்பத்தக்கது. இரு சாட்சிகளின் வாக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டத்திலும் உள்ள நெறியன்றோ?

இக்கடிகாரத்தை வாசிக்கும் கருவியை ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டன் என்பவரின் குழு உருவாக்கியது. மயிரிழையினும் மெல்லிய அயனிக் கற்றையை மணியின்மீது பாய்ச்சி, அதிலிருந்து தெறிக்கும் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவது அதன் வேலை. 1983-இல் ஜாக் குன்றுகளுக்கு அருகிலுள்ள நாரையர் மலையின் மணற்கல்லில் 410 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மணிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1986-இல் ஜாக் குன்றுகளிலிருந்து 427 கோடி ஆண்டு வயதுள்ள மணி கிடைத்தது. 2001-இல் சைமன் வைல்டு, ஜான் வேலி ஆகியோர் குழு 440 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு மணியை அறிவித்தது.

ஐயம் எழாமலில்லை. அத்தனை நெடிய காலத்தில் ஈய அணுக்கள் படிகத்தினுள்ளேயே இடம் பெயர்ந்து கணக்கைப் பிழையாக்கியிருக்கலாமே என்று சிலர் வினவினர். நேர்மையான வினா அது. வேலியின் குழுவினர் தட்டிக் கழிக்கவில்லை. அணுக்களை ஒவ்வொன்றாய் எண்ணும் மற்றொரு முறையால் அப்படிகம் ஒன்றைச் சோதித்தனர். ஈயம் மிகச் சிறு தொலைவே நகர்ந்திருந்தது, வயது குலையவில்லை. 437 கோடி ஆண்டுகள் என்று 2014-இல் உறுதி செய்தனர். பூமி தோன்றி 20 கோடி ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே அம்மணி பிறந்துவிட்டது.

ஸ்டெனோ ஆயர் வகுத்த விதியை இங்கே நினைவு கூர்வோம். ஒரு திடப்பொருளின் உள்ளே மற்றொரு திடப்பொருள். ஆற்று மணல் இறுகியது 300 கோடி ஆண்டுகளுக்கு முன். அதனுள் அடைபட்ட மணியோ அதற்கும் 140 கோடி ஆண்டுகள் மூத்தது. பதிவேட்டின் அட்டைக்குள் ஒட்டியிருந்த பழைய துண்டு இதுவே.

மணி உரைக்கும் செய்தி

வயது ஒருபுறம் இருக்க, அம்மணி வேறு என்ன கூறுகிறது? முதலாவதாக, அக்காலத்திலேயே பூமியின் மேற்பரப்பில் திடமான மேலோடு இருந்தது. அதன் ஒரு பகுதி உருகி மீண்டும் உறைந்து, கிரானைட்டைப் போன்ற வெளிறிய பாறைகளையும் உண்டாக்கியிருக்க வேண்டும். அத்தகைய குழம்பில்தான் சிர்க்கான் மிகுதியாய் விளையும்.

இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது. மணியிலுள்ள ஆக்சிஜன் அணுக்களுள் சில சற்றுக் கனமானவை. பாறை, குளிர்ந்த நீரோடு நெடுங்காலம் உறவாடிக் களிமண்ணாகும்போது கனமான ஆக்சிஜனை மிகுதியாய்த் தன்பால் சேர்த்துக்கொள்கிறது. அக்களிமண் புதைந்து உருகினால், அக்குழம்பில் விளையும் சிர்க்கானிலும் அந்த மிகுதி காணப்படும். பூமியின் ஆழத்திலிருந்து நேரே எழுந்த குழம்பில் அது இராது. 2001-இல் வேலி குழுவினரும், ஸ்டீபன் மொய்சிஸ் முதலியோர் அடங்கிய மற்றொரு குழுவினரும் தனித்தனியே ஆய்ந்து, ஜாக் குன்றின் மணிகளில் இந்த மிகுதி இருப்பதை ஒரே இதழில் வெளியிட்டனர். அதன் பொருள்: ஏறத்தாழ 430 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூமியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

நரகத்தின் பெயர் சூட்டப்பெற்ற அக்காலத்தில் நீர் தேங்கி நின்றது! இவ்வுண்மை அறிஞரின் கருத்தையே மாற்றியது. அதே வேளையில், இச்சிறு மணிகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட இயலாது என்பதையும் அவர்கள் மறைப்பதில்லை. அந்த முதல் மேலோடு பரந்த கண்டங்களாக இருந்ததா, அங்குமிங்கும் சிதறிய தீவுகளாக இருந்ததா? இன்று கண்டங்களைச் சுமந்து நகரும் பெருந்தட்டுகள் அன்றே நகரத் தொடங்கினவா? இவ்வினாக்களுக்கு முடிவான விடை இன்னும் எட்டவில்லை.

நீருக்கு மேலே நிலம்

நிலம் எப்போது நீருக்கு மேலே தலைதூக்கியது என்னும் வினாவுக்கும் படிவுப்பாறைகளே விடை கூற வேண்டும். ஆறு ஓடவேண்டுமானால் மேடான நிலம் வேண்டும். கடற்கரை மணல் படியவேண்டுமானால் கரை வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் மலைகளில் 320 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மணற்கற்களில், கடலின் ஏற்ற இறக்கம் வரைந்த மெல்லிய கோடுகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அலைவாய்க் கரையில் நாம் காணும் ஓதத்தை அன்றும் நிலவே எழுப்பியது.

நம் இந்திய நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களில் பரந்துள்ள சிங்பூம் பகுதியின் பழைய மணற்கற்கள், ஆற்றுப் படுகைகளிலும் கடற்கரையிலும் படிந்தவை. அவை ஏறத்தாழ 310 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றையும் அவற்றின் அடியிலுள்ள கிரானைட் பாறைகளையும் பிரியதர்ஷி சௌத்ரி முதலிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அங்கே 330 முதல் 320 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிலம் கடலுக்கு மேலே எழுந்துவிட்டது என்று 2021-இல் அவர்கள் எடுத்துரைத்தனர். கீழிருந்து குழம்பு பொங்கிப் பொங்கி உறைந்ததால் மேலோடு தடித்தது. தடித்த மேலோடு, நீரில் கட்டை மிதந்து மேலெழுவது போல் உயர்ந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

பிள்ளைகள் கேட்கும்போது

இவையெல்லாம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு எதற்காக? பள்ளியில் 454 கோடி ஆண்டுகள் என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, மறைக்கல்வி வகுப்பில் ஆறு நாள் படைப்பைக் கேட்கிறது. இரண்டில் எது உண்மை என்று வீட்டில் வந்து வினவுகிறது. பெற்றோர் அதட்டி அடக்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வினா மட்டும் உள்ளே வளரும். கல்லூரி சென்ற பின், படிப்பு வேறு, பூசை வேறு என்று ஒதுங்கிவிடும் இளைஞர் பலருடைய விலகல் இத்தகைய விடை பெறாத ஒரு வினாவிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே இது சிறு செய்தியன்று.

திருச்சபை இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. நிலத்தையும் வானத்தையும் பற்றி அறிந்த பிற சமயத்தார் முன்னிலையில், கிறிஸ்தவன் ஒருவன் மறைநூலின் பெயரால் அறியாமையைப் பேசினால், உயிர்ப்பையும் நித்திய வாழ்வையும் பற்றி அந்நூல் கூறுவதை அவர்கள் எவ்வாறு நம்புவர் என்று புனித அகுஸ்தினார் 1600 ஆண்டுகளுக்கு முன்பே கவலைப்பட்டார். பொருள்களின் உள்ளமைப்பைக் கற்பிப்பது மறைநூல் ஆசிரியர்களின் நோக்கமன்று என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-இல் விளக்கினார். விவிலியப் பகுதி ஒவ்வொன்றையும் அதன் இலக்கிய வகையறிந்து பொருள் கொள்ளவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. உலகின் வயதைப் பற்றிய ஆய்வுகள் படைத்தவரின் மேன்மையை மேலும் வியக்க நம்மைத் தூண்டுகின்றன என்பது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் கருத்து.

ஒருபுறம் அச்சம் என்றால், மறுபுறம் வேறொரு சோதனையும் உண்டு. தொடக்கநூலின் முதல் வரிகளிலேயே நீர் பேசப்படுகிறது. ஜாக் குன்றின் மணியும் நீரைப் பேசுகிறது. ஆகவே விவிலியத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்ந்து முழங்குவோர் நம்மிடையே உண்டு. இதுவும் ஆபத்தானதே. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பிறை அறிவியல் கழகத்தில் உரையாற்றியபோது, பாறைகளின் வயதுக் கணக்கையும் அண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய புதிய கொள்கையையும் மகிழ்வோடு எடுத்துரைத்தார். அக்கொள்கையை வகுத்தவரே ஒரு குரு: பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமேத்தர். அறிவியல் கொள்கையை விசுவாசத்திற்குச் சான்றாக நிறுத்துவது இரண்டுக்கும் நன்மை பயக்காது என்பது அக்குருவின் உறுதியான எண்ணம். அறிவியல் முடிவுகள் நாளை திருத்தப்படலாம். நம் விசுவாசத்தின் அடித்தளத்தை அவற்றின்மேல் கட்டலாகாது.

ஸ்டெனோ ஆயரின் வாழ்விலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. தஸ்கனி நாட்டுப் படிவுகளை அவர் நோவா காலத்து வெள்ளத்தோடு இணைத்து, அக்காலத்தவர் அனைவரையும் போலச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்கிப் பார்த்தார். அவர் கண்ட விதிகளோ அவரே கனவு காணாத காலப்பரப்பிற்குப் பின்வந்தோரை இட்டுச் சென்றன. காலக்கணக்கு மாறியது, அவர் வணங்கிய இறைவன் மாறவில்லை. அவருக்குத் திருச்சபை பட்டம் அளித்தது அவருடைய கணக்கிற்காக அன்று. உண்மையை அஞ்சாமல் தேடிய, ஏழைகளை மறவாத புனித வாழ்வுக்காகவே.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை அவ்வினாவோடு வரும்போது மகிழ்ச்சியோடு அருகே அமர்த்திக் கொள்ளுங்கள். பூமி எப்போது, எவ்வாறு உருவாயிற்று என்று கல்லையும் மணலையும் கேட்டு அறிய வேண்டும் என்றும், யாரால், எதற்காக உண்டாயிற்று என்று இறைவார்த்தையைக் கேட்டு அறிய வேண்டும் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். முத்திப்பேறு பெற்ற நீல்ஸ் ஸ்டென்சனின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லும்போது ஒரு பிடி மணலை அதன் கையில் வைத்துக் காட்டுங்கள். அந்த மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று பிள்ளை கேட்கத் தொடங்கினால், அதைத் தடுக்காதீர்கள்.